கொதிக்கும் நீரின் குமிழிகளில் இருப்பது நீராவிதான்

கேத்தலில் நீர் கொதிக்கும்போது வரும் குமிழிகள் ஐதரசனும் ஒட்சிசனும், ஆகவே கொதித்தல் ஓர் இரசாயன மாற்றம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பிழை. பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் இதைப் பலரும் பகிர்வதால்தான் எழுதுகிறேன்.

சூடாகத் தொடங்கும்போது வரும் சின்னக் குமிழிகள் பெரும்பாலும் நீரில் கரைந்திருந்த வளி. கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகள் நீராவி. நீர் மூலக்கூறு உடைவதில்லை, ஒன்றையொன்று விட்டு விலகுகிறது, அவ்வளவுதான். மூடியைத் திறந்து பாருங்கள், உட்புறத்தில் சொட்டுவது அதே நீர். உண்மையிலேயே ஐதரசனும் ஒட்சிசனும் வந்தால் காஸ் அடுப்புச் சுவாலை பட்டு வெடித்திருக்கும்! நீரைப் பிரிக்க மின்பகுப்பு (மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தல்) வேண்டும், அல்லது 2000 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பம் வேண்டும். கொழும்பில் நீர் ஏறத்தாழ 100 பாகையில் கொதிக்கிறது. உயரமான மலைநாட்டிலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவு, அதனால் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இரண்டு இடத்திலும் அது புதிய பொருள் உண்டாகாத பௌதிக மாற்றம்தான்.

சரி, குமிழி வந்தாலே இரசாயன மாற்றமா? இல்லை. அப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளியை விட்டால் பொங்குவது காபனீரொட்சைட்டு, முன்பு தனியாக இல்லாத புதிய பொருள். அது இரசாயன மாற்றம். பிள்ளைகளிடம் குமிழியைத் தேடச் சொல்லாமல், புதிய பொருள் உண்டானதா என்று கேளுங்கள்.