தாய் எல்லாம் ஒன்றாக இருந்தால்?

வீரிய ஒட்டு நெல்லின் பெற்றோர் வரிசைகளை (தாயாகவும் தகப்பனாகவும் பயன்படும் நெல் வகைகளை) மரபணு அடையாளங்களை வைத்துப் பிரித்து, மரபணுவில் ஒன்றுக்கொன்று எட்ட இருப்பவற்றைச் சேர்த்தால் விளைச்சல் கூடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. ரொம்ப எட்டப் போனாலும் சிக்கல்தான்: நெல்லின் இரு பெரும் பிரிவுகளான இண்டிகாவையும் ஜப்போனிகாவையும் அப்படியே சேர்த்தால் கதிரில் பதர் கூடிவிடும்.

கட்டுரை தொடாத இடம் தாய்ப் பக்கம். 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த காட்டு நெல்லின் ஆண்மலட்டுத் தன்மையை (தன் மகரந்தம் பயன்படாத தன்மையை) வைத்துத்தான் மூவரிசை முறை (ஆண்மலட்டுத் தாய், அதைப் பெருக்கும் வரிசை, தகப்பன் என மூன்று) ஒட்டு ரகங்களில் பெரும்பாலானவை உருவாகின. நம் மாநிலத்தில் வந்த ஏடிடீஆர்எச் 1, கோஆர்எச் 2 என்ற ஒட்டு ரகங்கள் இரண்டுக்கும் தாய் அந்த ஆண்மலட்டுத் தன்மை கொண்ட ஐஆர் 58025 ஏ என்ற வரிசை, தகப்பன்தான் வேறு. சைட்டோபிளாசம் (செல்லில் உட்கருவைச் சுற்றியுள்ள பகுதி) தாய் வழியாகத்தானே வரும்? அதே 1970இல் அமெரிக்காவில் இலைக்கருகல் மக்காச்சோளத்தை வாரிச் சுருட்டியதற்குக் காரணம், பெரும்பாலான ஒட்டு ரகங்களில் ஒரே டெக்சாஸ் சைட்டோபிளாசம் இருந்ததுதான். நெல்லில் அப்படி நடக்கவில்லை என்பதற்காக அசட்டையாக இருக்க முடியாது.

அப்புறம் சோறு. ஐஆர் 58025 ஏ வழி வந்த ரகங்களில் லேசான வாசனையும் குழைவும் உண்டு. பாஸ்மதி சாப்பிடுகிறவர்களுக்கு அது பிடிக்கலாம். பொன்னி, பிபிடி ரக அரிசிகளைச் சாப்பிட்டுப் பழகிய எங்கள் காட்டுமன்னார்கோவில் பக்கம் எடுபடாது. பெற்றோரைத் தேடுகிறவர்கள் மரபணுத் தூரத்தோடு, சோறு குழையுமா உதிருமா என்பதைத் தீர்மானிக்கும் மாவுச்சத்தான அமைலோஸையும் பார்க்கட்டும். வருஷா வருஷம் புது விதை வாங்க வேண்டிய ரகம் இது, மூட்டை விலை போகாவிட்டால் அடுத்த சம்பாவுக்கு யாரும் தொடமாட்டார்கள்.