திரும்பத் தெரிந்த விமானி

எழுபது ஆண்டுகாலம் என்னோடு பழகிய நண்பர், ஓய்வுபெற்ற விமானி, சென்ற மாதம் காலமானார். திருகோணமலை உவர்மலையில் அவருடைய வீட்டு மதிலில் ஒட்டியிருந்த அஞ்சலிச் சுவரொட்டியில் 'வானை வென்ற வீரர்' என்று அச்சிட்டிருந்தார்கள். அன்பினால் எழுதியதுதான். ஆனாலும் அவர் அதை வாசித்திருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்து வந்திருப்பார். வானை வென்றுவிட்டதாக நினைக்கும் விமானி ஓட்டும் விமானத்தில் ஏறக்கூடாது என்பது அவருடைய உறுதியான கருத்து.

சீனன்குடாவில் பிரித்தானிய விமானப்படை இருந்த கடைசி ஆண்டுகளில், ஒரே சைக்கிளில் இருவராகப் போய் வேலிக்கு வெளியே நின்று விமானங்களைப் பார்த்த பையன்கள் நாங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் வந்து குண்டு போட்ட கதையை அவருடைய தகப்பனார் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது, அவருக்கோ ஆசை ஏறியது. பிற்காலத்தில் எயார் லங்காவில் ட்ரைஸ்டார் ஓட்டினார். மூன்று இயந்திரங்கள் கொண்ட அந்த விமானத்தில் கப்டன், துணை விமானி, பறப்புப் பொறியியலாளர் என மூவர் முன்னால் இருப்பார்கள். இருவர் மட்டும் ஓட்டும் ஏ340 வந்த பிறகும், பின்னாலிருந்து "கப்டன், அதை ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்ல ஆளில்லாத குறையை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தன் பிழையைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லையே என்று கவலைப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் அடிக்கடி சொன்ன கதை ஒரு தரையிறக்கத்தைப் பற்றியது, இறங்காமல் போன தரையிறக்கம் என்பதே சரி. கட்டுநாயக்கவில் கொட்டும் மழை. சாதாரணக் கருவித் தரையிறக்கத்தில் ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ 200 அடி உயரத்துக்கு வரும்போது, பாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும்; படாவிட்டால் யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். விமானிகள் இதைக் 'கோ-அரவுண்ட்' என்பார்கள். அன்று அவர் ஏறினார், சுற்றி வந்து இரண்டாம் முறை இறக்கினார். வாசலில் நின்று விடைகொடுத்தபோது ஒரு பயணி, "முதல் தரமே இறக்கத் தெரியாதா?" என்று கேட்டாராம். இவர் கைகூப்பி, "மன்னிக்கவேணும் ஐயா, தெரியேல்லை" என்றாராம். பகிடியாகச் சொன்னாரா உண்மையாகவே சொன்னாரா என்று நான் பல தடவை கேட்டும் அவர் விளக்கியதில்லை.

என்னிடமும் அதே வேலையை ஒரு நாள் காட்டினார். பேரப்பிள்ளைகளோடு புறாத்தீவுக்குப் போக நிலாவெளியில் வள்ளம் பேசியிருந்தோம். பிள்ளைகள் கண்ணாடி மாட்டி, காலில் துடுப்பும் போட்டுக்கொண்டு நின்றார்கள். நண்பர் வள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஆட்களை எண்ணி, உயிர்காப்பு அங்கிகளையும் எண்ணினார். ஒன்பது பேருக்கு ஆறு இருந்தன. கச்சான் காற்றும் பலத்திருந்தது. "இண்டைக்கு வேண்டாம், மச்சான்" என்றார். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் தீவு கண்ணெதிரே தெரிகிறது, பிள்ளைகள் அழுகிறார்கள், வள்ளக்காரர் சிரிக்கிறார். பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்பட்டுப்போன கோபத்தில் இரண்டு கிழமை நான் அவரோடு பேசவில்லை.

2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்த அன்று மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். இருவரும் விறாந்தையில் இருந்தோம். அவர் பழைய பேச்சை எடுக்கவில்லை. அதை அவர் எடுத்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் துணிச்சலைப் புகழப் பத்துப் பேர் வருவார்கள். திரும்பி வந்தவனுக்குப் பயந்தான்கொள்ளி என்ற பெயர்தான் கிடைக்கும். அவருடைய தொழிலிலோ திரும்பி ஏறுவது பயிற்சியில் சேர்ந்தது. அந்த வழக்கத்தை நம் வள்ளங்களுக்கும் முச்சக்கரவண்டிகளுக்கும் பாடசாலைச் சுற்றுலா பஸ்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதையே, சுவரொட்டியில் இடமில்லாதபடியால், இங்கே எழுதுகிறேன்.

அவருடைய அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போனேன். நான் அங்கிகளை எண்ணத் தொடங்கியதும் வள்ளக்காரர் என்னை உற்றுப் பார்த்து, "கப்டன் ஐயாவோட வாற ஆள்தானே?" என்று கேட்டுவிட்டு, கொட்டிலுக்குப் போய் இன்னும் மூன்றை எடுத்து வந்தார். அதில் ஒன்றுக்குக் கொளுக்கி இல்லை. வேறொன்று கேட்டேன்.