மரச்செக்கு எண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான்

எங்கள் பக்கத்தில் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால் போதும், அடுத்த நிமிடமே யோசனைகள் வந்து குவியும். வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறு. பாக்கெட் எண்ணெயை நிறுத்திவிட்டு மரச்செக்கில் ஆட்டி வாங்கு. அரிசியை விட்டுக் கம்பும் சாமையும் சாப்பிடு. விடிந்ததும் கொள்ளுத் தண்ணீர் குடி. அவிநாசியிலிருந்து ஈரோடு வரை எந்தக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தாலும் இந்த நான்கும் பந்திக்கு முன்பே பரிமாறப்பட்டுவிடும். எவ்வளவு சாப்பிடுவது என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு பண்டத்துக்கு நல்லது என்று பெயர் வந்துவிட்டால் அதை அளந்து பார்ப்பது நின்றுவிடுகிறது. என் சண்டை அதோடுதான். திருப்பூரில் பின்னலாடைக் கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். துணியின் தரம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் எண்ணிக்கை எழுதாமல் எங்கள் வாசலை விட்டு ஒரு பெட்டியும் கிளம்பாது. சமையலறையில் மட்டும் தரம் சொன்னால் போதும், எண்ணிக்கை வேண்டாம் என்பது என்ன நியாயம்?

செக்கில் ஆட்டியதா, ஆலையில் சுத்திகரித்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே கிராமுக்கு 9 கலோரி. நெய்யும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெள்ளைச் சர்க்கரை 100 கிராமில் 400 கலோரிக்குச் சற்றுக் குறைவு. நாட்டுச்சர்க்கரையும் அதை ஒட்டியே நிற்கிறது. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350. கம்பும் சாமையும் அதே வட்டாரம், ராகி கொஞ்சம் குறைவு. செக்கு எண்ணெயின் மணம் எனக்கும் பிடிக்கும். கம்பில் நார்ச்சத்து கூடுதல், வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், அதுவும் உண்மை. ஆனால் கம்புதானே என்று இரண்டு பங்கு சாப்பிட்டால் தானியத்தின் பெயர் மாறியிருக்கும், இடுப்பின் சுற்றளவு மாறாது.

கொள்ளுக்கும் இதே கதி. கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு என்று பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் நிறைய. கொள்ளுப்பருப்பு கடைந்து சாப்பிட்டால் பசி தாங்கும், அடுத்த வேளை கை தானாகக் குறையும். மற்றபடி கொழுப்பை உருக்கும் சக்தி எதுவும் அதற்குள் ஒளிந்திருக்கவில்லை. கொள்ளு ரசத்தைக் குடித்துவிட்டு மேலே நான்கு பணியாரம் சாப்பிடுகிறவரைக் கொள்ளால் காப்பாற்ற முடியாது.

அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் அரிசிம்பருப்பையே எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு அதைப் பழிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை, பழிக்கத் தேவையும் இல்லை. ஓர் ஆளுக்கு 75 கிராம் அரிசி, 25 கிராம் துவரம் பருப்பு. இரண்டும் சேர்ந்து 350 கலோரி. சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம் எல்லாம் கணக்கைப் பெரிதாக அசைக்காது. தாளிக்கும் எண்ணெய் ஆளுக்கு 15 கிராம் என்று வைத்தால் 135 கலோரி. தட்டில் போட்ட பிறகு மேலே விடும் நெய் 10 கிராம் என்றால் இன்னும் 90. நூறு கிராம் அரிசியும் பருப்பும் கொடுத்ததில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை வெறும் 25 கிராம் எண்ணெயும் நெய்யும் கொடுத்துவிடுகின்றன! சோற்றைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் சோற்றைத்தான் குறைக்கிறார்கள், நெய்க் கிண்ணத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணெயையும் நெய்யையும் பாதியாக்கினால் ஒரு வேளைக்கு 110 கலோரி மிச்சம். அப்படிக் குறைத்ததைச் சாப்பிடுகிறவர் கேட்டால் தவிர நானாகச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

கலோரி என்றதும் தராசு, கைப்பேசிச் செயலி என்று மிரள்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரிக்கான மாதிரித் தட்டில் ஒரு நாளைக்கு எண்ணெயும் கொழுப்புமாக 27 கிராம்தான் வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். நெய்யும் அதற்குள்ளேயே. மளிகைக் கடை ரசீதை எடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் ஆறு லிட்டருக்குக் கீழே அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். சாயங்காலம் தள்ளுவண்டியில் சாப்பிடும் காளானும் போண்டாவும் அந்த ரசீதில் ஏறுவதே இல்லை.

பேக்கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியாததா. ஒரு டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. நாளைக்கு நான்கு டீ என்றால் சர்க்கரை மட்டும் 150 கலோரியைத் தொடும். கூட ஒரு முட்டை பப்ஸ் என்றால் அளவைப் பொறுத்து இன்னொரு 250, 300. இதைச் சாப்பாட்டில் சேர்க்காமல் 'சும்மா டீ குடித்தேன்' என்று கணக்கை முடித்துவிடுகிறோம்.

நாம் மட்டும் இப்படி இல்லை. 1992-இல் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வெளிவந்தது. குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாயில் போட்டதை மனம் மறந்துவிடுகிறது, நடந்த நடையை மறப்பதில்லை. அதனால்தான் சில வாரங்களாவது ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள் என்கிறேன். வாழ்நாள் முழுக்க எழுத வேண்டியதில்லை. கைக்கும் கண்ணுக்கும் அளவு பழகிவிட்டால் நோட்டை மூடிவிடலாம். நான் மூடிவிட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மூன்று வேளையும் களி சாப்பிட்டவர், ஒல்லியாகவே இருந்தார் என்று சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. அந்த அப்புச்சி மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்தார். அமுச்சி (அம்மாவின் அம்மா) ஆட்டுரலில் மாவாட்டி, உரலில் கம்பு இடித்தார். பிறகு கோயமுத்தூர் நாட்டுக்கே பம்ப்செட் செய்து கொடுத்தது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு, ஆட்டுரலுக்குத் திரும்பச் சொன்னால் முதலில் மறுப்பவள் நான்தான். ஆனால் இறைக்கிற கையும் ஆட்டுகிற கையும் ஓய்ந்த பிறகு, அவர்கள் சாப்பிட்ட அளவை மட்டும் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்கிறோம்.

அதற்காக நடந்தே கரைத்துவிடலாம் என்று நினைப்பதும் வீண். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது 250, 300 கலோரி. கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையைச் சுற்றி முடித்துவிட்டு எதிரே நெய் ரோஸ்ட் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், சில நாள் கூடியும் போகும். எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில் முடிவாகிறது. இறங்கிய எடை திரும்பி ஏறாமல் இருப்பதற்கும், தசை கரையாமல் இருப்பதற்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் நிற்பதற்கும்தான் உடற்பயிற்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை எத்தனை வருடம் செய்வோம் என்பதுதான் சிக்கல். பிடிக்காத எதையும் மனிதர்கள் வருடக்கணக்கில் செய்வதில்லை. சம்பளம் கொடுத்தால் செய்வார்கள், ஜிம்மில் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கிடைத்தது வள்ளி கும்மி. கோயில் திடலில் இரவு ஏழரை மணிக்குப் பயிற்சி. முதல் வாரம் தொடையும் கெண்டைக்காலும் வலித்த வலியில் மாடிப்படி இறங்க முடியவில்லை. குனிந்து, நிமிர்ந்து, எட்டு வைத்து, திரும்பி, கைதட்டி, வரிசை கலையாமல் சுற்றி வர வேண்டும். நடுவில் ஒரு அடி தவறினால் பின்னால் வரும் பெண் மேலே மோதிவிடுவாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அப்படி இருந்தால் அது மிதமான உடற்பயிற்சி என்று மருத்துவர்கள் ஓர் அளவுகோல் சொல்வார்கள். கும்மியில் மூச்சு வாங்கிக்கொண்டே பாடவும் செய்கிறோம், அந்த அளவுகோல் எங்களிடம் செல்லாது. எடை ஒரு கிராம்கூடக் குறையாது என்று யாராவது எழுதிக் கொடுத்தாலும் நான் போவேன். ஓர் உடற்பயிற்சி தனக்கு ஏற்றதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. பெண்களையும் இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். அவர் எடையைக் குறைக்கவா ஆடினார்?

கும்மி எல்லோருக்கும் ஒத்துவராது. என் கணவருக்குக் கிணற்றில் நீச்சல். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் அவரைக் கரையேற்றுவதுதான் பாடு. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் சென்னிமலையின் 1320 படிகளையும் ஏறி இறங்குகிறார். பக்தி பாதி, அங்கே வரும் கூட்டாளிகள் பாதி. முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் படி வேண்டாம், தண்ணீரும் சைக்கிளும் நல்லது.

'30 நாளில் 10 கிலோ' விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் நாளைக்கு 2500-க்கு மேல். பெரும்பாலான பெண்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே அவ்வளவு இருக்காது! பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் அந்தக் கொழுப்பு அத்தனை நாளில் கரையாது. தராசில் முள் அவ்வளவு இறங்கினால் இறங்கியதில் கொழுப்போடு தண்ணீரும் தசையும் கணிசமாகச் சேர்ந்திருக்கும். தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் இறங்கலாம், போகப்போக அதுவும் மெதுவாகும், ஏனென்றால் இளைத்த உடம்புக்குத் தேவையும் குறைவு. இந்த வேகத்தை வைத்து எவராலும் விளம்பரம் போட முடியாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைக் குறைக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழ நேரும். வளரும் பெண் பிள்ளைகளின் தட்டில் இந்தக் கலோரிக் கணக்கைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். மாப்பிள்ளை பார்க்கிறோம், நிச்சயத்துக்குள் ஐந்து கிலோ குறை என்று சொல்லும் தாய்மார்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாப்பிள்ளையின் தொந்தியை யாரும் தராசில் ஏற்றுவதில்லை.

அப்படியானால் விருந்துக்குப் போனால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். எங்கள் அத்தை பரிமாறும்போது, "இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொள் கண்ணு" என்பார். வேண்டாம் என்றால் முகம் சுண்டிவிடும். பாதிக் கரண்டி வாங்கிக்கொள்கிறேன், அவருக்கும் நிறைவு. கல்யாண வீட்டில் ஒப்புட்டு (போளி) வந்தால் நெய் விட்டே சாப்பிடுகிறேன், அன்றைக்குக் கணக்கும் பார்ப்பதில்லை. தை மாதத்தில் வாரம் மூன்று கல்யாணம் வரும்போது என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.