ஔவையாரைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

பழைய தமிழ்க் கட்டுரைகள் நிறைந்த ஏதாவது ஒரு தளத்தின் தேடுபெட்டியில் "ஔவையார்" என்று அடித்துப் பாருங்கள். கொஞ்சம் பக்கங்கள் வரும். பிறகு முதல் எழுத்தை ஒ, ள என்று தனித்தனியாகத் தட்டி "ஒளவையார்" என்று தேடுங்கள். வேறு பக்கங்கள் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ஔ என்ற எழுத்துக்குத் தனி இடம் இருக்கிறது. ஒ-வையும் ள-வையும் ஒட்டி வைத்தால் அது ஔ ஆகாது.

இதைவிட மோசம் ர். பழைய தட்டச்சில் ர-வின் கீழ்க்கோட்டை விட்டுவிட்டு, துணைக்காலின் மேல் புள்ளி வைப்பது வழக்கம். அந்தக் கைப்பழக்கம் அப்படியே யூனிகோடுக்குள் வந்துவிட்டது. "அவா்கள்" என்று இங்கே இருக்கும் சொல்லை நகலெடுத்துத் தேடிப் பாருங்கள், செய்திகள் வந்து கொட்டும். அதில் ர் என்ற எழுத்தே இல்லை. வ-வுக்குப் பின் துணைக்கால், அதன்மேல் புள்ளி. "அவர்கள்" என்று ஒழுங்காகத் தேடுபவருக்கு அந்தச் செய்திகள் தட்டுப்படாமலே போகலாம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் அங்கே தடுமாறும்.

தமிழ் சிக்கலான மொழி, அதனால்தான் இப்படி என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். துணைக்காலுக்குப் பின் புள்ளி வரும் சொல் தமிழில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஜோடி எங்கே வந்தாலும் "ர்" என்று மாற்றிவிடலாம். துணைக்காலுக்குப் பின் இகரக் கொக்கி வந்தால் அது "ரி". சேமிப்பதற்கு முன் இரண்டே விதி. கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால், ஒரே எழுத்தின் வேறுவேறு பதிவுகளை ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி நார்மலைசேஷன் அவற்றைச் சேர்த்துவிடும். பெரும்பாலான நிரல்மொழிகளில் அதற்கு ஒரே வரிதான். ஆனால் சேமிக்கும் உரைக்கும் தேடும் சொல்லுக்கும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஔ விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். நார்மலைசேஷன் இதைத் தொடாது. "ஒள" என்று வரும் இடத்தையெல்லாம் ஔ ஆக்கினால் "ஒளி" கெட்டு, ஔ-வின் பக்கத்தில் ஒரு கொக்கி அநாதையாகத் தொங்கும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோதுதான் மாற்ற வேண்டும். கௌ-வுக்குப் பதில் கெ, ள என்று தட்டுவதுபோல் எழுதப்படும் கௌதமி, பௌர்ணமி, வௌவால் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அப்போதும் "வெளக்கு", "ஒளறாதே" என்று பேச்சுவழக்கில் எழுதியவை மாட்டிக்கொள்ளும். அவற்றை விலக்க ஒரு சிறு சொற்பட்டியல் போதும்.

அகரவரிசையும் இந்தக் கதைதான். அகராதியில் மலர், மழை, மனம் என்று வரும். யூனிகோடு எண்படி அடுக்கினால் மனம் முதலில் வந்து நிற்கும், ஏனென்றால் யூனிகோடில் ன-வின் இடம் ந-வுக்கு அடுத்தது. பல மொழி எழுத்துகளைக் கையாள நிரலாளர்கள் பயன்படுத்தும் ஐசியு என்ற நிரல் நூலகத்தில் தமிழுக்கான வரிசை விதி தயாராகவே இருக்கிறது. அதைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

என்னை அதிகம் வருத்துவது நம்முடைய பழக்கம். யாராவது இப்படி ஒரு பிழையைச் சுட்டினால், "படிக்க முடியுதுல்ல, அப்புறம் என்ன?" என்று பத்துப் பேர் வருகிறார்கள். இருபது வரிக் கட்டுரையைப் படமாக்கிப் போட்டுவிட்டு, தமிழில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை என்று அடுத்த நாள் குறைப்படுகிறோம். நாம் இப்படி விட்டுக்கொடுப்பதால்தான் ஆங்கிலத்தில் ஒரு நாள்கூடப் பொறுக்காத பிழை தமிழில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

ஒரு செயலியிலோ தளத்திலோ இந்தப் பிழையைப் பார்த்தால் அவசியம் எழுதிச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். பிழையுள்ள சொல்லை அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள், பக்கத்திலேயே சரியான சொல்லை நீங்கள் தட்டி எழுதுங்கள். படத்தில் பார்த்தால் நிரலாளருக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.