முன்மொழிவு கேட்டதாலேயே நிலம் கைமாறிவிடாது

மூடிய குப்பைக் கிடங்கை மேம்படுத்த நகராட்சி தனியாரிடம் முன்மொழிவு கேட்டதுமே நிலம் விற்கப்பட்டுவிட்டது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லைங்க. அது அழைப்பு மட்டும்தான்: இந்த இடத்தில் என்ன செய்வீர்கள், எவ்வளவு தருவீர்கள் என்ற கேள்வி. வந்தவற்றை மதிப்பிட்டு, நகர்மன்றம் ஒப்புதல் தந்து, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே யாருக்கும் உரிமை வரும். அதுவும் பல நேரம் குத்தகைதான். மீத்தேன் வாயு கசிந்து மெல்ல அமிழும் குப்பை மேட்டைச் சொந்தமாக வாங்க யாரும் அவ்வளவாக ஆசைப்படுவதில்லை.

சந்தேகம் இருந்தால் செய்தித் தலைப்பை விட்டுவிட்டு அறிவிப்பு ஆவணத்தையே திறந்து பாருங்கள். வந்த முன்மொழிவுகள் அத்தனையையும் நிராகரிக்க நகராட்சிக்கு உரிமை உண்டு என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். அப்புறம் மன்றத் தீர்மானங்களில் ஒப்புதல் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.