தென்னையை வரைந்துவிட்டுப் பனை என்றார்கள்

நெல்லை டவுனில் எங்கள் அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி, போன மாதம் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். லெட்டர்பேடு, விசிட்டிங் கார்டு, கவர், பில்புக் எல்லாம் உள்ளே இருந்தன. மகன் வியாபாரத்தைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டு, வெளியூர் டிசைன் நிறுவனம் ஒன்றில் செய்து வாங்கியவை. "தம்பி, இதில் என்னவோ எனக்கு ஒட்டவில்லை. என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

திறந்ததும் கண்ணில் பட்டது சின்னம்தான். பச்சையும் பொன்னுமாக ஒரு மரம். மட்டைகள் சீப்புப் பல்லாகக் கீற்றுவிட்டுத் தொங்குகின்றன. தென்னை! பனையோலை விசிறியாக விரியும் என்பது திசையன்விளைப் பக்கம் ஒருமுறை பஸ்ஸில் போனவனுக்கும் தெரியும். கருப்பட்டிக்காரருக்குத் தென்னையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அது ஏன் அவருடைய அடையாளம் என்று பன்னிரண்டு பக்க விளக்கம் வேறு.

என் கட்சி இதுதான்: கடையின் அடையாளம் கடைக்குள்ளேயே கிடக்கும். போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணாச்சி கடையில் ஓலைக் கொட்டான் இருக்கிறது, சிரட்டையில் ஊற்றியெடுத்த கருப்பட்டி இருக்கிறது. கவிழ்த்த சிரட்டையின் அந்த அரைவட்டம் ஒன்றே போதும். கருப்பட்டி நிறம் ஒன்றே போதும். ஒற்றை நிறத்தில் ஆப்செட் அச்சுச் செலவும் குறையும். ரப்பர் ஸ்டாம்பிலும் அதே உருவம் சிதையாமல் விழும். பொன் ஃபாயில் மரத்தை ஸ்டாம்பில் எப்படிக் கொண்டுவருவது?

லெட்டர்பேடுக்கு வழவழப்பான ஆர்ட் பேப்பர் போட்டிருந்தார்கள். கடையின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டு விரலால் தொட்டேன். மை அப்படியே ஈஷிக்கொண்டது. சிரிக்க எனக்குத் தகுதியில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் சொந்த மாமாவின் அரிசிக் கடைக்கு இதே தாளில் ஆயிரம் அடித்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எழுதுகிற தாள் மையைக் குடிக்க வேண்டும். 90 அல்லது 100 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) நல்ல பாண்டு பேப்பர் போதும். பளபளப்பைக் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விசிட்டிங் கார்டு நாலங்குலச் சதுரம். சட்டைப்பைக்குள் போகும், பர்ஸுக்குள் போகாது. மூன்றரைக்கு இரண்டு அங்குலம் என்ற வழக்கமான அளவை மாற்ற ஏன்தான் இத்தனை ஆசையோ! அதைவிட எரிச்சலூட்டியது தமிழ். ஆங்கிலப் பெயர் கொட்டை எழுத்தில். தமிழ்ப் பெயர் அடியில் ஆறு பாயின்ட் பொடி எழுத்தில், அதுவும் கரும்பழுப்புப் பின்னணியில் வெள்ளையாக. ணகரத்தின் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டு எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தன. கருப்பட்டி வாங்க வருகிறவர் படிப்பது அந்த எறும்பைத்தான்.

அத்தனை விளக்கத்துக்கு நடுவே நிறுவனத்தின் 21 இலக்க அடையாள எண் எங்கேயும் இல்லை. பெயர், பதிவு அலுவலக முகவரி, அந்த எண், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கடிதத்தாளிலும் பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் வரை அபராதம். மகனுக்கு போன் போட்டுச் சொன்னேன்; மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

கடைசியாகப் பில்புக்கைப் புரட்டினேன். பாதி எழுதியிருந்தது. ஒவ்வொரு தாளின் உச்சியிலும் பால்பாயின்ட் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி. பழைய பில்லில் அது அச்சிலேயே இருந்ததாம். கம்பெனிக்குப் பொருந்தாது என்று டிசைன்காரர்கள் எடுத்துவிட்டார்களாம். "அது இல்லாமல் எப்படித் தம்பி கணக்கு எழுத?" என்றார் அண்ணாச்சி.

புதுப் பில்புக்கில் சேர்த்து அடித்துக் கொடுத்தேன். நேற்று அரைக்கிலோ கருப்பட்டி வாங்கப் போனபோது, அச்சடித்த சுழிக்குப் பக்கத்திலேயே பேனாவால் இன்னொன்றும் போட்டுவிட்டுத்தான் எனக்குப் பில் எழுதினார்.