மார்ட்டின் லூதர் கிங்கை வெறும் சாதுவாக்காதீர்கள்

ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை வந்தால், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தைப் போட்டு, "எனக்கொரு கனவு உண்டு" என்று ஒரு வரியைப் பகிர்வார்கள். அவர் பெயரில் விடுமுறை விடும் அமெரிக்காவிலும் இதே கதைதான். எல்லாரும் ஒற்றுமையாக இருங்கள், சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன சாது அவர் என்ற எண்ணம் இப்படித்தான் பரவிவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

அந்தக் கனவை அவர் சொன்ன இடமே 'வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி', 1963 ஆகஸ்ட் 28. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 2 டாலர் ஆக்கு என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. கனவை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு கூலியை விட்டுவிட்டோம்.

சரி, அகிம்சைக்கு வருவோம். 1956 ஜனவரி 30, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரம். பேருந்தில் இனம் பார்த்து இருக்கை ஒதுக்குவதை எதிர்த்துக் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். கிங் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டில் குண்டு வெடிக்கிறது. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும். நல்லவேளை, இருவருக்கும் காயமில்லை. அவர் ஓடி வந்து பார்த்தால் வாசலில் கொதித்துப்போன கூட்டம். சிலர் கையில் ஆயுதம். உடைந்த திண்ணையில் நின்று, ஆயுதம் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பகைவரையும் நேசியுங்கள் என்றார். ஆனால் நாளைக்குப் பேருந்தில் ஏறுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, இனவாரி இருக்கை ஒழிந்த பிறகுதான் மக்கள் பேருந்தில் ஏறினார்கள்.

இந்தப் பிடிவாதம்தான் அவருடைய அகிம்சை. அதற்குப் பயிற்சியும் உண்டு. 1963-இல் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த போராட்டத்துக்கு வந்த தொண்டர்கள் கையாலும் நாக்காலும் மனத்தாலும் வன்முறை செய்வதில்லை என்று உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டார்கள். அடித்தால், வைதால் எப்படித் தாங்குவது என்று ஒத்திகை பார்த்தார்கள். அப்புறம் கடைகளைப் புறக்கணித்து வியாபாரிகளின் கல்லாவைக் காயவைத்தார்கள். இது உகந்த நேரமல்ல, பொறுமை காக்கலாமே என்று வெள்ளையின மதகுருக்கள் எட்டுப் பேர் அறிக்கை விட்டபோது, சிறையில் இருந்த கிங் செய்தித்தாளின் ஓரத்திலேயே பதில் எழுதத் தொடங்கிவிட்டார். வெளிப்படையாக எதிர்த்தவர்களைவிட, நியாயத்தைத் தள்ளிப்போடச் சொன்ன நல்லவர்கள்மீதுதான் அந்தக் கடிதத்தில் அவருக்கு வருத்தம் அதிகம். இன்று ஒற்றுமையின் பெயரால், பாதிக்கப்பட்டவனைப் பார்த்தே முதலில் வாயை மூடச் சொல்பவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறையாவது முழுசாகப் படிக்க வேண்டும்.

ஒற்றுமை அவருக்கு உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய ஒற்றுமை? கடைசி மாதங்களில் அவர் கறுப்பர்கள், ஏழை வெள்ளையர்கள், மெக்சிகோ வம்சாவளியினர், பூர்வகுடிகள் எல்லாரையும் ஒன்றாக வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்லும் ஏழை மக்கள் இயக்கத்துக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு நடுவில்தான் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்குப் போனார். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் மனிதன்' என்ற அட்டையைத் தாங்கி நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன ஊரில்தான் ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரல் 8 அன்று அதே தெருக்களில் கொரெட்டா ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலம் போனார். ஏப்ரல் 16 அன்று மாநகராட்சி பணிந்து, சங்கத்தை ஏற்றுக் கூலியையும் உயர்த்தியது.